‘பிறகு’ என்று ஒரு ஃபோல்டர்

ஜன்னல் பக்கம் நீங்களே இருங்கள் சார். எனக்கு இந்த ஓரம்தான் தோது. வலது முழங்காலை வழியில் கொஞ்சம் நீட்டி வைக்கவேண்டும். கண்டக்டர் இரண்டு தடவை தாண்டிப் போனார், மூன்றாவது தடவை முறைத்தார். முறைக்கட்டும். இந்த முழங்காலுக்கு இன்றைக்கு ஒன்பதரை மணிக்கு ஒரு வேலை இருக்கிறது. அதுவரைக்கும் கெடாமல் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும்.

கோவில்பட்டிக்குத்தான். நீங்கள்? திருநெல்வேலியா. சரி, நான் இறங்கிய பிறகு தாராளமாக உட்கார்ந்துகொள்ளலாம்.

முன்னால், டிரைவருக்குப் பின் சீட்டில் பச்சைப் புடவை தெரிகிறதே, அது என் மனைவி சுகந்தி. சண்டையெல்லாம் ஒன்றும் இல்லை. “அந்தக் கதைய இன்னொரு தடவ என்னால கேக்க முடியாது, வேற யாருக்காவது சொல்லிட்டு வாங்க” என்றாள். நேற்று கோயம்புத்தூரிலிருந்து மதுரை வரைக்கும் கேட்டாள், அவளையும் குறை சொல்ல முடியாது. அப்படியொன்றும் நீளமான கதை இல்லை.

சட்டைப்பையில் போன் நடுங்குகிறது. இருக்கட்டும், ஏதாவது விளம்பரமாக இருக்கும்.

சுருக்கமாகச் சொல்கிறேன். நான் யாரிடமும் மனத்தாங்கல் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. 2007 மே மாதம் இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள், என் அக்கா மகளுக்குக் காதுகுத்து. என்னைக் கூப்பிடவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள், உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அக்கா செண்பகவல்லிக்கு நான் ஒரே தம்பி. அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். ஆக, அந்தக் குடும்பத்தில் தாய்மாமன் மடி என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். அது கனடாவில், வின்னிபெக்கில் இருந்தது. குளிர் தேசம் சார். மடியெல்லாம் அங்கே கோட்டுக்குள்தான் இருக்கும்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். டொரண்டோவில் என் பெரியப்பா மகன் இருந்தான். ஜூன் மாதம் ஒரு வேலையாக அவன் வீட்டுக்குப் போனேன். ஃபிரிட்ஜில் பத்திரிகையை ஒட்டி வைத்திருந்தான். மஞ்சள் தடவிய பத்திரிகை, தபாலில் வந்திருக்கிறது. அதில் கொட்டை எழுத்தில், ‘தாய்மாமன்: அ. பூவலிங்கம், கனடா.’ என் பேர் சார். பேரை அச்சடிக்கத் தெரிந்திருக்கிறது, பேருக்குச் சொந்தக்காரனுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை.

“என்ன அண்ணே, நீ போகலையா?” என்று அவன் கேட்டான். “லீவு இல்லை” என்றேன். யார் மடியில் உட்கார வைத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் நான் வருத்தப்படுகிறேன் என்று ஆகிவிடும். இனிமேல் அந்தப் பேச்சை என்னிடம் எடுக்காதே என்று மட்டும் சொன்னேன். பதினெட்டு வருடமாக எடுக்கவில்லை. சொன்ன சொல் கேட்கிற பையன்.

அதோடு அக்காவிடம் பேசுவதை நிறுத்திவிட்டேன். கோபத்தினால் இல்லை. ஒருத்தர் நம்மை வேண்டாம் என்று நினைக்கும்போது நாம் இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்ற மரியாதையினால்.

நான் அங்கே என்ன வேலை பார்த்தேன் என்று சொல்லவில்லையே. ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் ஆவணக் காப்பு. இருபது வருடம். எந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கவேண்டும். எடுத்துக் கொடுத்துவிடுவேன். ‘லிங்கத்தைக் கேள்’ என்பது அந்தக் கட்டடத்தில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. நான் கிளம்பும்போது எனக்கு ஒரு பூதக்கண்ணாடி பரிசாகக் கொடுத்தார்கள், மரப்பிடி போட்டது.

அதனால்தான் அக்காவிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன். போன் வேண்டாம், போனில் சொல்வது காற்றோடு போய்விடும், எதுவானாலும் மெயிலில் போடு, எழுத்தில் இருந்தால் இருபது வருடம் கழித்தும் எடுக்கலாம். அக்காவுக்கு மெயில் கிடையாது. அத்தானுக்கு ஒன்று இருந்தது, நான்தான் போட்டுக் கொடுத்தேன். அத்தான் சுந்தரபாண்டி கூட்டுறவு சங்கத்தில் எழுத்தராக இருந்தவர். பேனா பிடித்தால் முத்து முத்தாக எழுதுவார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தால் விரலை அய்யனார் கோயில் கத்தி மாதிரி தூக்கிக்கொண்டு இருப்பார்.

சாத்தூர் வந்துவிட்டதா? இன்னும் இல்லையா. சரி.

இரண்டு வருடம் முன்னால் ஊர் திரும்பினோம். கோயம்புத்தூரில் வீடு. போன மாதக் கடைசியில் ஒருநாள் அழைப்பு மணி அடித்தது. திறந்தால் அத்தான் நிற்கிறார். பக்கத்தில் ஒரு பெண், கையில் தட்டு, தட்டில் தேங்காய், பழம், பத்திரிகை. முழுதாக வளர்ந்த பெண். ஐந்து வயதில் நான் போட்டோவில் பார்த்த பிள்ளை, தாரணி.

“மாமா, எனக்குக் கல்யாணம். நீங்க வரணும்” என்றது. யாரோ சொல்லிக் கொடுத்த மாதிரி இல்லை, சொந்தமாகத்தான் சொன்னது.

அக்கா வரவில்லை. கவனித்துக்கொண்டேன்.

சுகந்தி இலை போட்டாள். சாப்பிடும்போது அந்தப் பெண் இடது காதிலிருந்த ஜிமிக்கியைக் கழற்றி இலைக்குப் பக்கத்தில் வைத்தது. “நெருக்குது அத்த” என்றது. துளை வேண்டாத, காது மடலைக் கவ்விக்கொள்கிற வகை. மடல் சிவந்திருந்தது. இதையும் நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, ரசம் எடுத்து ஊற்றிக்கொண்டேன்.

கை கழுவிவிட்டு வந்து கேட்டேன். “அத்தான், கல்யாணத்துக்குக் கூப்பிட்டுட்டீங்க, சந்தோஷம். காதுகுத்துக்கு ஏன் கூப்பிடல?”

அத்தான் துண்டால் வாயைத் துடைத்தார். நிதானமாகத் துடைத்தார். “கூப்பிட்டமே மாப்ளே.”

“எப்போ?”

“அஞ்சு தடவ.”

“எதுல?”

“மெயில்லதான். நீங்கதான மெயில்ல போடச் சொன்னீங்க.”

“வரல.”

“போச்சே. ‘போயாச்சு’ன்னு வந்துச்சே மாப்ளே. பிரவுசிங் சென்டர்க்காரன் காட்டுனானே.”

“அப்ப ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமில்ல?”

“உங்கக்கா விடல. மொறப்படி கூப்பிட்டாச்சு, போன்ல கெஞ்ச மாட்டேன்னுட்டா. உங்களுக்குத் தெரியாதா, உங்க வீட்டுப் பொண்ணுதான.”

நான் ஒரு நியாயம் சொன்னேன். கேளுங்கள், தப்பா என்று சொல்லுங்கள். “நான் தேடிப் பார்க்கிறேன். அந்த மெயில் வந்திருந்தால் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து நிற்பேன். வரவில்லை என்றால் அக்கா ஒரு தடவை நேரில் வந்து, கூப்பிடாதது தப்பு என்று சொல்லட்டும். பிறகு வருகிறேன்.”

அந்தப் பெண் ஜிமிக்கியை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்தது. “அம்மா வர மாட்டாங்க மாமா” என்றது.

அவர்கள் போன பிறகு சுகந்தி கேட்டாள்: “வரலன்னு நிரூபிச்சு என்ன செய்யப் போறீங்க? பிரேம் போட்டுக் கூடத்துல மாட்டப் போறீங்களா?”

பெண்களுக்கு ஆதாரத்தின் அருமை தெரியாது சார்.

அன்றைக்கே உட்கார்ந்தேன். ‘காதுகுத்து’ என்று போட்டேன். ஒன்றும் இல்லை. ‘தாரணி’ என்று போட்டேன். ஒன்றும் இல்லை. ‘செண்பகம்’ என்று போட்டால் ஒரு சேலைக்கடை விளம்பரம் வந்தது. பதினெட்டு வருடத்தில் நான் இப்படி எத்தனையோ தடவை தேடியிருக்கிறேன், ஆண்டுக்கு ஒரு தடவையாவது, மே மாத வாக்கில். கோபத்தினால் இல்லை. சரிபார்ப்பதற்காக. ஒவ்வொரு தடவையும் இல்லை என்றுதான் வரும். அதில் ஒரு திருப்தி இருக்கத்தான் செய்தது. ஏன் மறைக்கவேண்டும்.

ஆனால் இந்தத் தடவை சந்தேகத்துக்கே இடமில்லாமல் செய்துவிட வேண்டும் என்று தோன்றியது. அப்போதுதான் அந்த ஆட்-ஆன் கண்ணில் பட்டது. ஆட்-ஆன் என்றால், நம் மெயில் பெட்டியோடு கூடுதலாகக் கோத்துக்கொள்கிற ஒரு சாமான். சாதாரணத் தேடல் எழுத்தை மட்டும்தான் பார்க்கும். இது மெயிலோடு வந்த படத்துக்குள் இருக்கிற எழுத்தையும் படிக்குமாம். கையெழுத்தையும் படிக்குமாம். தமிழும் தெரியுமாம். பதினான்கு நாள் இலவசம்.

கோத்துவிட்டேன். நாற்பத்து மூன்றாயிரம் மெயில். ஒவ்வொன்றாகப் படிக்க ஒரு பகல் பிடித்தது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அடுத்தவர் நம் அலமாரியைக் குடைகிறபோது ஒரு கூச்சம் இருக்கும் பாருங்கள், அது இருந்தது. ஆனாலும் எல்லாம் ஒழுங்காகத்தானே வைத்திருக்கிறேன் என்று ஒரு தைரியம்.

முதலில் சோதித்துப் பார்த்தேன். ‘பழைய மிக்ஸி கேரண்டி அட்டை’ என்று கேட்டேன். எடுத்துக் கொடுத்தது. ‘சுகந்தி முதன்முதலில் எனக்கு எழுதியது’ என்று கேட்டேன். அதையும் எடுத்துக் கொடுத்தது. ‘புகைப்படம் தெளிவாக இல்லை, வேறு அனுப்பவும்’ என்று எழுதியிருக்கிறாள். எனக்கு இது நினைவில் வேறு மாதிரி இருந்தது.

பிறகு கேட்டேன். ‘அக்கா மகள் காதுகுத்து அழைப்பு.’

ஆறு வந்தது சார்.

ஆறும் அத்தான் அனுப்பியது. ஆறுக்கும் தலைப்பு ஒன்றுதான்: ‘பரிசோதனை மெயில்’. நான் அவருக்கு மெயில் போட்டுக் கொடுத்த அன்றைக்கு, வேலை செய்கிறதா என்று பார்க்க நான் அனுப்பியது அது. புதிதாக ஒரு மெயில் எழுதுவது எப்படி என்று அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியவில்லை. அந்த ஒன்றையே திறந்து திறந்து பதில் போட்டிருக்கிறார். உள்ளே ஒரு எழுத்துகூட இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு படம். அக்கா கோடு போட்ட தாளில் கையால் எழுதி, அதை பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறார்கள். அதனால்தான் எந்தத் தேடலிலும் சிக்கவில்லை.

அதெல்லாம் சரி, அவை என் கண்ணில் ஏன் படவில்லை? அதையும் அந்தச் சாமானே சொல்லிவிட்டது. கேட்காமலே. ஓரத்தில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது: ‘இவை “பிறகு” என்ற ஃபோல்டரில் உள்ளன. இந்த அனுப்புநரிடமிருந்து வருபவை அனைத்தும் அங்கே செல்லவேண்டும் என்ற விதி, 2006 நவம்பர் 14 அன்று உங்களால் உருவாக்கப்பட்டது.’

உங்களால். அந்தச் சொல் தேவையா? நீங்களே சொல்லுங்கள்.

நடந்தது இதுதான். அத்தான் மெயில் கற்றுக்கொண்ட புதிதில், பதினோரு பேருக்கு அனுப்பாவிட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்கிற மாதிரிக் கடிதங்களாகத் தினமும் எட்டு, பத்து தள்ளிக்கொண்டிருந்தார். ஆண்டுக் கடைசி, ஆபீசில் தலைக்கு மேல் வேலை. ஒரு வாரத்துக்கு என்று ஒரு விதி போட்டேன், அத்தானிடமிருந்து வருவது முகப்புக்கு வராமல் நேராக ‘பிறகு’க்குப் போகட்டும் என்று. ஒரு வாரத்துக்குத்தான் சார். ஒரு வாரம் முடிந்ததும், தொந்தரவு நின்றுவிட்டது, அத்தான் திருந்திவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

இதோ மறுபடியும் நடுங்குகிறது. காலையிலிருந்து இதே வேலை. போகட்டும்.

முதல் கடிதம் 2007 ஏப்ரல். பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை, அக்கா எழுத்து எனக்குத் தெரியும். ‘தம்பி, பாப்பாவுக்கு வைகாசியில் காதுகுத்து. பத்திரிகை இன்று வந்தது. சாமி முன்னால்கூட இன்னும் வைக்கவில்லை. உனக்குத்தான் முதலில்.’

இரண்டாவது மே மாதம் பதினெட்டாம் தேதி. ‘பதில் காணோம். லீவு கிடைக்கவில்லை போல. தள்ளி வைத்துவிட்டோம். அச்சடித்த பத்திரிகை நூறு மீதி இருக்கிறது, அடுத்த வருடத்துக்கு தேதியை மட்டும் அடித்து எழுதிக்கொள்ளலாம் என்கிறார் அத்தான்.’

தள்ளி வைத்துவிட்டோம். நடக்கவே இல்லை சார் அந்தக் காதுகுத்து. நடக்காத விசேஷத்துக்குக் கூப்பிடவில்லை என்று நான் பதினெட்டு வருடம்...

2008இல் ஒன்று. 2009இல் ஒன்று, ‘பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்கிறார்களாம், கவ்வுகிற கம்மல் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்’ என்று. 2010இல் ஒன்று. ‘சித்தப்பா மகன் ஒருத்தன் மடியில் வைத்துக் குத்திவிடலாம், அவனும் மாமன் முறைதானே என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மாமன் உயிரோடு இருக்கும்போது எதற்கு வேறு மடி?’

கடைசி 2012. அதில் அழைப்பே இல்லை, மூன்று வரிதான். ‘இனி எழுதவில்லை. உனக்கு எப்போது வசதிப்படுகிறதோ அப்போது வா. காது எங்கே போகிறது.’

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? முதலில் அந்த ஆட்-ஆனுக்கு மதிப்புரை எழுதினேன். ஐந்து நட்சத்திரத்துக்கு நான்கு கொடுத்தேன். தேடல் நன்றாக இருக்கிறது, ஆனால் பயனர் தன் விதியை மறந்துவிட்டால் முன்கூட்டியே எச்சரிக்கும் வசதி வேண்டும் என்று. ஆக்கபூர்வமாகத்தான் எழுதினேன். அவர்கள் நன்றி சொல்லி ஐந்து நிமிடத்தில் பதில் அனுப்பினார்கள். ஐந்து நிமிடம் சார்.

பிறகு அக்காவுக்குப் பதில் எழுதினேன். முறைப்படி, முதல் மெயிலுக்கே. ‘தங்களின் 2007 ஏப்ரல் கடிதம் கிடைக்கப்பெற்றேன். காலதாமதத்துக்கு வருந்துகிறேன்.’ அது திரும்பி வந்துவிட்டது. அத்தான் அந்த முகவரியை விட்டு எட்டு வருடம் ஆகிறதாம்.

சுகந்தி பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். போனை எடுத்து, எண்ணைப் போட்டு, என் காதில் வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

“சொல்லு” என்றது அக்கா. என் குரலைக் கேட்கும் முன்பே.

“மெயில் கிடைச்சுது.”

“எந்த மெயிலு?”

“ரெண்டாயிரத்து ஏழு.”

பின்னால் குக்கர் விசில் ஒன்று கேட்டது.

“சரி. பதிலு?”

“வர்றேன்.”

“கல்யாணம் வெள்ளிக்கிழமை. புதன்கிழமையே வா, ஒம்பதரைக்கு. ஆசாரிக்குக் கண்ணு சரியில்ல, வெளிச்சத்துல குத்தணும்.” அப்புறம், “மடி இருக்குதா?” என்றது.

“இருக்கு. வலது முழங்கால்தான் தேய்ஞ்சிருக்கு.”

“ஆமா, காத்திருந்தவ காதெல்லாம் தேயல பாரு” என்று வைத்துவிட்டது.

ஐந்து வயதில் அந்தப் பிள்ளை பதினைந்து, பதினாறு கிலோ இருந்திருக்கும். இப்போது இருபத்து மூன்று வயது. எடை கேட்பது மரியாதை இல்லை. முந்தாநாள் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை மடியில் தூக்கி வைத்துப் பார்த்தேன், பத்து நிமிடம் தாங்கியது. அதற்கு மேல் ஒரு மூட்டையை வைக்க சுகந்தி ஒத்துக்கொள்ளவில்லை. “சும்மா ஓரமா உக்காரும்ங்க, பொண்ணுக்கு அறிவு இருக்கு” என்றாள். அது எப்படிச் சார்? ஓரமாக உட்கார்ந்தால் அது மடியா?

என்ன சுகந்தி? கேட்கவில்லை, சத்தமாகச் சொல்.

ஒரு நிமிஷம் சார். மதினி, அதாவது என் அக்கா, காலையிலிருந்து எனக்கு ஆறு மெசேஜ் போட்டிருக்கிறார்களாம், நான் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லையாம், இப்போது இவளுக்குப் போன் செய்து கேட்கிறார்களாம். இதுவா அது? விளம்பரம் என்றல்லவா நினைத்தேன்.

பாருங்கள். ஆறும் படம். இன்னும் தாளில்தான் எழுதுகிறாள். எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறாள். எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும் என்று நான் சொன்னதில் வந்த பழக்கம் இன்னும் போகவில்லை. அந்தச் சாமானிடம் கொடுத்தால் படித்துச் சொல்லியிருக்கும், அதன் பதினான்கு நாள் இன்று காலையோடு முடிந்துவிட்டது. ‘தொடர விருப்பமா’ என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. பரவாயில்லை. நானே படிக்கிறேன். கண்ணாடியை எங்கே வைத்தேன்? நெற்றியிலா. நன்றி சார்.

‘தம்பி, ஊருக்குள் வராதே. கோயிலிலேயே குத்துகிறோம். பைபாஸில் பாலத்துக்கு முன்னால் கோயில் வளைவு இருக்கும், அங்கே இறங்கு. அத்தான் வண்டியோடு நிற்பார்.’

அடுத்தது. ‘பாப்பா ராத்திரியிலிருந்து பயப்படுகிறாள். வலிக்குமா என்று கேட்கிறாள். பெரிய வேலையில் இருக்கிற பெண், குழந்தை மாதிரிக் கேட்கிறாள். மாமன் வந்து கையைப் பிடித்துக்கொள்வான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.’

இது மூன்றாவது. ‘படித்தாயா?’ நான்காவதும் அதேதான். ஐந்தாவது, ‘இதுவும் அந்தப் “பிறகு”வுக்குள் போய்விட்டதா?’ சுகந்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் போல. ஆறாவது வெறும் தாள் சார். கோடு போட்ட தாள், ஒன்றும் எழுதவில்லை.

பாலம் எது? அந்த வளைவுதானா? கண்டக்டர், வளைவில் நிறுத்துங்கள். ஆமாம், இங்கேதான். சுகந்தி, தோடு டப்பா இருக்கிற பையை நீ பிடி. அதோ, அத்தான் வண்டியில் உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள், வெள்ளை வேட்டி.

என்ன? பதிலா? எதற்கு? நானே இறங்கப் போகிறேனே, பத்து நிமிடத்தில் நேரில்...

சரி. சரி, போடுகிறேன். போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டுமாம் சார், படியில் நின்றுகொண்டு மிரட்டுகிறாள். ‘படித்தேன்.’ போதுமா? ‘கையைப் பிடித்துக்கொள்கிறேன் என்று பாப்பாவிடம் சொல்.’ போய்விட்டது.

கண்டக்டர், கோபித்துக்கொள்ளாதீர்கள், அரை நிமிஷம். தெரிகிறது, பின்னால் லாரி நிற்கிறது. ஒரு டிக்தான் விழுந்திருக்கிறது. போயாச்சு என்பதை மட்டும் நம்பி இறங்க முடியாது, அத்தானுக்கும் போயாச்சு என்றுதான் காட்டினார்கள். இதோ, இரண்டு. இன்னும் நிறம் மாறவில்லை.

இனி தாராளமாக உட்கார்ந்துகொள்ளுங்கள் சார். நீலமாகிவிட்டது. வருகிறேன்.